கொசுவின் வயிற்றில் கிடைத்த விடை



ஆகஸ்ட் 15 என்ன நாள் என்று கேட்டால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சட்டென்று சொல்லிவிடும். சரி, ஆகஸ்ட் 20 என்ன நாள்? தலையைச் சொறிகிறீர்களா? அதுதான் உலகக் கொசு நாள்!

சிரிக்காதீர்கள். கொசுவுக்குக் கேக் வெட்டிப் பிறந்த நாள் கொண்டாடும் நாள் அல்ல அது. கொசுவின் குட்டு வெளிப்பட்ட நாள். 1897-ம் ஆண்டு அந்தத் தேதியில், நம் நாட்டிலேயே, செகந்திராபாத்தில், வியர்வை சொட்டச் சொட்ட நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்திருந்த ஒரு ராணுவ டாக்டர், பல ஆயிரம் ஆண்டுகளாக யாருக்கும் பிடிபடாத ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்தார். அவர் பெயர் ரொனால்டு ராஸ். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ராஸ் ஆங்கிலேயர்தான். ஆனால், பிறந்தது இந்தியாவில். இமயமலைச் சாரலில் உள்ள அல்மோரா என்ற ஊரில், 1857-ம் ஆண்டு மே மாதம் 13-ம் தேதி பிறந்தார். வரலாற்றுப் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு அந்த ஆண்டைக் கேட்டதும் ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். ஆம்! மீரட்டில் சிப்பாய்கள் புரட்சி செய்தது அதே மே மாதம் 10-ம் தேதி. மூன்று நாள் கழித்து இவர் பிறந்திருக்கிறார். அப்பா ஆங்கிலேயரின் இந்தியப் படையில் அதிகாரி. வீட்டில் பத்துப் பிள்ளைகள்; இவர்தான் மூத்தவர்.

எட்டு வயதில் படிப்பதற்காக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அங்கே அவருக்குப் படம் வரையப் பிடித்தது. கவிதை எழுதப் பிடித்தது. பாட்டுக்கு இசை அமைக்கப் பிடித்தது. கணக்கும் பிடித்தது. பிடிக்காமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான், டாக்டர் படிப்பு! ஆனால், அப்பாவோ மகன் டாக்டராகி இந்திய மருத்துவப் பணியில் சேர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். அப்பா பேச்சைத் தட்ட முடியுமா? லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்ந்து படித்தார். படிப்பில் பாதி மனம், கவிதையில் பாதி மனம். பட்டயத் தேர்வு ஒன்றில் தோற்றும் போனார். கொஞ்ச நாள் கப்பலில் டாக்டராக வேலை பார்த்துவிட்டு, மறுபடி எழுதித் தேறி, 1881-ல் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார்.

வேலை குறைவு, பொழுது நிறைய. சென்னையில் இருந்தபோது கணக்குப் புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு, வாத்தியார் இல்லாமல் தானாகவே படிக்க ஆரம்பித்தார். எதற்கு என்று அப்போது அவருக்கே தெரியாது. அந்தக் கணக்கு பிற்பாடு எங்கே வந்து கை கொடுத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது பெங்களூருக்கு வாருங்கள். 1883-ம் ஆண்டு. ராஸுக்கு அங்கே ஒரு பங்களாவில் தங்க இடம் கொடுத்தார்கள். நல்ல பங்களா, ஆனால் ஒரே கொசு! மற்ற அதிகாரிகளின் அறையைவிட இவர் அறையில்தான் அதிகம். ஏன் இங்கே மட்டும் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தொட்டி. அதில் தேங்கிய தண்ணீர். எட்டிப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் கொசுப்புழுக்கள் நெளிகின்றன! தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். அவ்வளவுதான். சில நாளில் அறையில் கொசு குறைந்துபோனது.

ராஸுக்கு ஒரே உற்சாகம். ராணுவ உணவு விடுதியிலும் கொசு அதிகம் என்பதால் அங்கேயும் போய்ப் பார்த்தார். தோட்டத்துத் தொட்டிகளில் புழு. பூ வைக்கும் ஜாடிகளில் புழு. எறும்பு ஏறாமல் இருக்க மேசைக் கால்களுக்கு அடியில் தண்ணீர் ஊற்றி வைப்பார்களே, அந்த டப்பாக்களிலும் புழு! இவற்றையெல்லாம் கொட்டிவிட்டால் கொசுத் தொல்லை தீர்ந்துவிடும் என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஏளனமாகச் சிரித்தார். கொசுவும் ஏதோ ஒரு காரணத்துக்காகப் படைக்கப்பட்டதுதான், பொறுத்துக்கொண்டு போவதுதான் நம் கடமை, இயற்கையோடு விளையாடக் கூடாது என்று சொல்லி, ஒரு டப்பாவைக்கூடத் தொடவிடவில்லை.

இத்தனைக்கும் அப்போது கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு என்பது ராஸுக்கே தெரியாது. வெறும் கடிக்காகச் செய்ததுதான்.

எங்கள் விருத்தாசலத்துக்கு நீங்கள் வந்திருக்கிறீர்களா? செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் ஐப்பசி மழை விட்ட மறுவாரம் ஒரு நடை நடந்து பாருங்கள். பொம்மை, கப், மின்சார ப்யூஸ் கட்டை என்று விதவிதமாகச் செய்கிற ஊர் இது. சூளையில் வெந்து வெளியே வரும்போது விரிசல் விட்டவை, கோணியவை எல்லாம் தேறாத சரக்கு. அவற்றை ஓரமாகக் கொட்டி வைத்திருப்பார்கள். மண் சட்டியில் ஊற்றிய தண்ணீர் கசிந்துவிடும். பளபளவென்று மெருகேற்றிய பீங்கானில் ஒரு சொட்டுக்கூட இறங்காது. ஒவ்வொரு ஓட்டைக் கப்பும் ஒரு குட்டிக் குளம்! ராஸ் இந்த ஊருக்கு வந்திருந்தால் முதல் வேலையாகக் கையைச் சட்டைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அவற்றைக் கவிழ்த்து வைத்திருப்பார்.

சரி, மலேரியாவுக்கு வருவோம். நம் தாத்தா பாட்டிகள் இதைக் குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்பார்கள். திடீரென்று குளிர் வந்து பல் கிட்டித்துப் போகும். நாலு கம்பளி போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. அப்புறம் உடம்பு அனலாகக் கொதிக்கும். பிறகு வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கும். அப்பாடா என்று எழுந்தால், ஒரு நாள் விட்டு மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி குளிர்! முறை வைத்துக்கொண்டு வருவதால்தான் முறைக்காய்ச்சல்.

மலேரியா என்பது இத்தாலிச் சொல். கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் கெட்ட காற்றைச் சுவாசிப்பதால் இந்தக் காய்ச்சல் வருகிறது என்று படித்தவர்களும் நம்பினார்கள். மருந்து மட்டும் இருந்தது. சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் கொய்னா. நம் நீலகிரியிலேயே அரசாங்கம் சின்கோனாத் தோட்டம் போட்டிருந்தது. வந்த காய்ச்சலைக் கொய்னா இறக்கும். ஆனால், காய்ச்சல் எப்படி வருகிறது என்று தெரியாமல் அதை வராமல் தடுப்பது எப்படி?

1880-ல் அல்ஜீரியா நாட்டில் இருந்த லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர், மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஓர் உயிர் இருப்பதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. அதன் உடம்பில் கறுப்புப் பொட்டுகள் இருந்தன. இந்தக் கறுப்புப் பொட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் சாவி அதுதான்.

ராஸ் முதலில் இதை நம்பவில்லை. எத்தனையோ பேரின் ரத்தத்தைப் பார்த்தும் அவர் கண்ணில் படவில்லை. 1894-ல் விடுப்பில் லண்டன் போனபோது, பாட்ரிக் மான்சன் என்ற பெரிய டாக்டர் அவரை உட்காரவைத்து, நுண்ணோக்கியில் ஒட்டுண்ணியைக் காட்டிவிட்டார். யானைக்கால் நோய் உங்களுக்குத் தெரியும். எங்கள் கடலூர் மாவட்டத்துப் பெரியவர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த நோயின் புழு கொசுவின் உடம்பில் வளர்வதைச் சீனாவில் இருந்தபோது கண்டுபிடித்தவர் இந்த மான்சன்தான். மலேரியாவையும் கொசுவே சுமந்து போகலாம் என்று அவருக்குச் சந்தேகம். இந்தியா திரும்பும் ராஸிடம் அந்தச் சந்தேகத்தை ஒப்படைத்தார்.

ஆனால், அதில் ஒரு தப்பும் சேர்ந்து வந்தது. கொசு தண்ணீரில் விழுந்து செத்துப்போகும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குக் காய்ச்சல் வரும் என்று மான்சன் நினைத்தார். குருவின் சொல் ஆயிற்றே! 1895-ல் செகந்திராபாத் வந்த ராஸ், செத்த கொசு கிடந்த தண்ணீரைச் சிலருக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். காய்ச்சல் வருகிற வழி அதுவல்ல என்பது தெரிந்தது. அந்தக் காலத்தில் மனிதர்களை வைத்து இப்படியெல்லாம் சோதனை செய்தார்கள். இன்றைக்கு யாரும் இப்படிச் செய்துவிட முடியாது; சட்டம் விடாது. அது நல்லதுதான்.

பிறகு கொசுவை நோயாளியைக் கடிக்கவிட்டு, அந்தக் கொசுவின் வயிற்றைத் திறந்து பார்க்கத் தொடங்கினார். கொசுவின் வயிறு எவ்வளவு பெரிது இருக்கும்? அதை ஊசி முனையால் பிரித்து, கண்ணாடித் துண்டில் பரப்பி, நுண்ணோக்கியில் அங்குலம் அங்குலமாக, இல்லை இல்லை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு பங்காகத் தேட வேண்டும். ஒரு கொசுவைப் பார்த்து முடிக்கவே மணிக்கணக்கில் ஆகும். இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கணக்கான கொசுக்கள். எதிலும் ஒன்றும் இல்லை!

ஏன் கிடைக்கவில்லை? அவர் திறமையில் குறை இல்லை. அவர் பார்த்தது தப்பான கொசு! கொசுவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவருக்கு எளிதாகக் கிடைத்தவை சாம்பல் நிறக் கொசுவும், உடம்பில் வரி போட்ட கொசுவும். இரண்டிலும் மனித மலேரியா வளராது. கத்தரிச் செடியில் தக்காளி தேடிய கதைதான். அது தெரியாமலேயே காலம் ஓடியது. நடுவில் பெங்களூரில் காலரா பரவியது என்று அங்கே அனுப்பிவிட்டார்கள். ஊர்ச் சாக்கடையையும் குடிநீரையும் கவனிப்பதிலேயே நாட்கள் போய்விட்டன.

அந்த இடைக்காலத்தில் ஒருமுறை விடுப்பில் ஊட்டிக்குப் போனார். அங்கிருந்து இறங்கும் சீகூர் மலைப்பாதைப் பக்கம் மலேரியா அதிகம் என்று தேடிப் போனவரையே, கொய்னா சாப்பிட்டும் மலேரியா பிடித்துக்கொண்டது! ஆனால், அங்கே சுவரில் ஒரு கொசுவைப் பார்த்தார். எல்லாக் கொசுவும் சுவரில் படுத்த மாதிரி உட்காரும். இது மட்டும் தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கி, சாய்வாக அடித்த ஆணி மாதிரி நின்றது. இறக்கையில் புள்ளிகள். மனத்தில் குறித்து வைத்துக்கொண்டார்.

1897-ல் மறுபடி செகந்திராபாத். ஆகஸ்ட் மாதம். மழை பொய்த்துப் புழுக்கம். எங்கள் ஊர்ச் சூளை வாசலில் நிற்பது போன்ற ஓர் அறை. அப்போது மின்விசிறி கிடையாது; மேலே தொங்கும் துணியைக் கயிறு கட்டி ஓர் ஆள் இழுப்பார், அதற்குப் பங்கா என்று பெயர். அதையும் ராஸ் போட முடியாது. காற்று வந்தால் பிரித்து வைத்த கொசு பறந்துவிடுமே! நெற்றி வியர்வை சொட்டிச் சொட்டி நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன. கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியில் விரிசல். சின்னச் சின்னப் பூச்சிகள் கண்ணிலும் காதிலும் மொய்த்தன.

ஒரு நாள் உதவியாளர் ஒருவர் ஒரு பாட்டிலில் கொசுப்புழுக்களைப் பிடித்து வந்தார். அவை கொசுவாகி வெளியே வந்தபோது ராஸ் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். இறக்கையில் புள்ளி! வாலைத் தூக்கி உட்காரும் அதே வகை! ஆகஸ்ட் 16-ம் தேதி, உசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசு வலைக்குள் படுக்க வைத்து, அந்தக் கொசுக்களை உள்ளே விட்டார்கள். கடிக்கிற கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். காய்ச்சலோடு படுத்துக்கொண்டு கொசுவுக்குக் கை நீட்டிய அந்த உசேன் கான் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

நாலு நாள் போயிற்று. கொசுக்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, மிஞ்சியது ஒரு சிலதான். 20-ம் தேதி மதியம், கண் சோர்ந்து போயிருந்த நேரத்தில் ஒரு கொசுவைத் திறந்தார். வயிற்றின் சுவரில் ஒரு வட்டம். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு இருக்கும். கொசுவின் வயிற்றில் இருக்க வேண்டாத ஒன்று. நுண்ணோக்கியைக் கொஞ்சம் திருகினார். வட்டத்துக்குள்ளே, கறுப்புப் பொட்டுகள்!

லாவரான் மனித ரத்தத்தில் பார்த்த அதே கறுப்புப் பொட்டு!

மறுநாள் இன்னொரு கொசுவைத் திறந்தார். அதே வட்டங்கள், ஆனால் நேற்றைவிடப் பெரியவை. அப்படியென்றால் என்ன பொருள்? அது அழுக்கு அல்ல, தூசி அல்ல. வளர்கிறது, உயிருள்ளது. மனிதரின் ரத்தத்தோடு போன மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றில் வளர்கிறது! ராஸுக்கு அப்போது நாற்பது வயது. மகிழ்ச்சியில் மனைவிக்கு ஒரு கவிதை எழுதினார். கவிதையை அவர் விடவே இல்லை பாருங்கள்.

இனி பாதிக் கதை பாக்கி. வயிற்றில் இருப்பது மனிதருக்கு எப்படி வருகிறது? அதைக் கண்டுபிடிக்க விட்டார்களா? அடுத்த மாதமே ராஜபுதனத்தில் ஒரு மூலைக்கு மாற்றல் போட்டுவிட்டார்கள். அங்கே வேலை செய்ய மலேரியாவே இல்லை! மான்சன் லண்டனிலிருந்து எழுதி எழுதிப் போராடிய பிறகுதான், 1898 பிப்ரவரியில் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்ய அனுமதி கிடைத்தது.

அங்கே வேறு சிக்கல். பிளேக் பீதி நாட்டை ஆட்டிய நேரம். ஊசி, ரத்தம் என்றாலே மக்கள் ஓடினார்கள். விரல் நுனியில் குத்த யாரும் விடவில்லை. ராஸ் யோசித்தார். பறவைகளுக்கும் மலேரியா உண்டு! சிட்டுக்குருவியையும் வானம்பாடியையும் கூண்டில் வைத்தார். கிஷோரி மோகன் பந்தோபாத்யாய் என்ற வங்காளத்து இளைஞரும், கொசு வளர்ப்பதில் கெட்டிக்காரரான முகமது பக்ஷ் என்ற உதவியாளரும் கூட நின்று உழைத்தார்கள். ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றில் முதிர்ந்து, வெடித்து, உடம்பு முழுக்க நூல் நூலாகப் பரவுவதை ஒவ்வொரு கட்டமாகத் தொடர்ந்தார்கள். ஜூலை மாதத் தொடக்கத்தில் அந்த நூல்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்பது தெரிந்தது. கொசுவின் எச்சில் சுரப்பி!

விடை கிடைத்துவிட்டது. கெட்ட காற்றும் இல்லை, குடிக்கிற தண்ணீரும் இல்லை. கடிக்கும்போது கொசு விடுகிற எச்சிலோடுதான் நோய் உள்ளே இறங்குகிறது. நலமாக இருந்த சிட்டுக்குருவிகளை அந்தக் கொசுக்கள் கடித்தபோது அவற்றுக்கும் மலேரியா வந்தது. மனித மலேரியாவிலும் இப்படித்தான் என்று அதே ஆண்டின் இறுதியில் இத்தாலி நாட்டு விஞ்ஞானி கிராசியும் அவருடைய கூட்டாளிகளும் முழுமையாக நிரூபித்தார்கள். யார் முதலில் என்று ராஸுக்கும் கிராசிக்கும் பெரிய சண்டை. ராஸ் கோபக்காரர், கடைசிவரை விட்டுக்கொடுக்கவே இல்லை. பெரிய விஞ்ஞானிகளும் சில சமயம் உங்கள் வகுப்பு மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள்.

1902-ல் ராஸுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவருக்குக் கிடைத்த முதல் நோபல் அது. லாவரானுக்கு 1907-ல் கிடைத்தது.

இன்று நமக்கு இன்னும் கொஞ்சம் விவரம் தெரியும். மலேரியாவைப் பரப்புவது அனாபிலஸ் என்ற வகையின் பெண் கொசு மட்டுமே. ஆண் கொசு பாவம், பூந்தேன் குடித்துவிட்டுப் போய்விடும். அனாபிலஸ் கடிப்பது பெரும்பாலும் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. அதனால்தான் கொசு வலை இதற்கு அவ்வளவு நல்ல காவல். (டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும், அது வேறு ஆள்.) நோயாளியைக் கடித்த உடனே கொசுவால் நோயைக் கொடுத்துவிட முடியாது. ஒட்டுண்ணி அதன் உடம்பில் முதிர ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். நம் உடம்புக்குள் வந்த பிறகும் அது நேராக ரத்தத்தில் இறங்குவதில்லை. முதலில் கல்லீரலில் போய்ப் பதுங்கிப் பெருகுகிறது. ஒருவகை ஒட்டுண்ணி மாதக் கணக்கில் அங்கேயே தூங்கிவிட்டு மறுபடி எழும். அதனால்தான், குளிர்காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். மலேரியா என்று தெரிந்தால், காய்ச்சல் நின்ற பிறகும் சொன்ன நாள் வரை மாத்திரையை விழுங்கச் சொல்கிறார்கள். நடுவில் நிறுத்துவது கல்லீரலில் தூங்குகிறவனை விட்டுவைப்பது மாதிரி.

நான் ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தபோது, கொசுப்புழுவைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, வாயைத் துணியால் கட்டி மேசைமேல் வைப்பேன். தண்ணீரில் தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் அது சாதாரணக் கொசு அல்லது ஏடிஸ். தண்ணீர்ப் பரப்பை ஒட்டிக் கிடையாகப் படுத்திருந்தால் அனாபிலஸ். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள். அதனால்தான் தொட்டியை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் காய வைக்கச் சொல்கிறோம். முட்டை இட்டாலும் பறக்கவிடாமல் செய்துவிடலாம் அல்லவா? இன்னொன்று: நகரத்து மலேரியாக் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. மூடாத கிணறு, மாடித் தொட்டி என்று நாம் குடிக்கிற மாதிரி நல்ல தண்ணீர்தான் வேண்டும். கிணற்றில் கம்பூசியா மீன் விடுவது அதற்காகத்தான். புழுவை அது சாப்பிட்டுவிடும்.

நோபல் பரிசு வாங்கிய பிறகு ராஸ் என்ன செய்தார்? பெங்களூர்த் தொட்டிக்கே திரும்பினார்! 1899-லேயே இந்திய வேலையை விட்டு இங்கிலாந்து போய், லிவர்பூலில் பாடம் நடத்திக்கொண்டே, நாடு நாடாகப் போய்த் தேங்கிய தண்ணீரை அகற்றச் சொன்னார். பல இடங்களில் பெங்களூர் அதிகாரியைப் போன்றவர்களே இருந்தார்கள். பணம் இல்லை என்றார்கள். கொசுவையெல்லாம் ஒழிக்க முடியுமா என்றார்கள். எகிப்தில் சூயஸ் கால்வாய்க் கரையில் இருக்கும் இஸ்மாயிலியா என்ற ஊரில் மட்டும் சொன்னதை அப்படியே செய்தார்கள். பள்ளங்களை நிரப்பினார்கள், தொட்டிகளைக் கொட்டினார்கள். 1902-ல் அந்த ஊரில் 1,500 பேருக்கும் மேல் மலேரியா. அடுத்த ஆண்டே 200 சொச்சம். அதற்கடுத்த ஆண்டு நூறுக்கும் கீழே!

கொசுவையெல்லாம் ஒழிக்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் சென்னையில் படித்த கணக்கு உதவியது. எல்லாக் கொசுவையும் ஒழிக்கத் தேவையே இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். எப்படி? ஒரு நோயாளியிடமிருந்து இரண்டு பேருக்குப் பரவினால் 1, 2, 4, 8, 16 என்று ஏறும். கொசுவைக் குறைத்து, பத்து நோயாளியிடமிருந்து ஐந்து பேருக்கு மட்டுமே பரவும்படி செய்தால்? 80 பேர் 40 ஆவார்கள். 40 பேர் 20. பிறகு 10, 5. நோய் தானே தேய்ந்துவிடும்! கொஞ்சம் கொசு மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை. 1911-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. தொற்றுநோய் எப்படிப் பரவும், எப்போது அடங்கும் என்று இன்று போடுகிற கணக்குகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. கொரோனா காலத்தில் செய்தியில் கேட்டிருப்பீர்களே, ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குப் பரவுகிறது என்று? அதேதான்.

இந்தக் கணக்குக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கையை எடுத்தால் மறுபடி 5, 10, 20 என்று ஏறிவிடும். நம் நாட்டிலேயே நடந்தது அது. சுதந்திரம் வந்த காலத்தில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் பேர் சாவு என்று மதிப்பிட்டார்கள். வீடு வீடாக மருந்து தெளித்ததில் 1961-ல் ஐம்பதாயிரத்துக்குக் குறைந்தது. ஒழிந்தது சனியன் என்று தளர்ந்தார்கள். கொசுவும் மருந்துக்குப் பழகிக்கொண்டது. 1976-ல் 64 லட்சம் பேர்! மறுபடி பாடுபட்டு, 2023-ல் இரண்டேகால் லட்சம் அளவுக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். பக்கத்து இலங்கை 2016-லேயே மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கிவிட்டது. ஆப்பிரிக்காவில்தான் இன்னும் கொடுமை. 2023-ல் உலகம் முழுவதும் மலேரியாவால் இறந்த ஏறத்தாழ 6 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் அங்கேதான். அதிலும் முக்கால்வாசிப் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அவர்களுக்காக 2021-லும் 2023-லும் இரண்டு தடுப்பூசிகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. இரண்டாவது ஊசி நம் புனே நகரத்தில் தயாராகிறது.

ராஸ் 1927-ல் ஒருமுறை கல்கத்தா வந்தார். அவர் வேலை செய்த மருத்துவமனையில் அவருக்காக ஒரு நினைவு வாயில் கட்டியிருந்தார்கள். அதன் திறப்பு விழா. 1932-ம் ஆண்டு செப்டம்பர் 16-ம் தேதி லண்டனில் காலமானார். செகந்திராபாத்தை ஒட்டி, பேகம்பேட் பழைய விமான நிலையத்துக்கு அருகில், அவர் புள்ளி இறக்கைக் கொசுவைத் திறந்து பார்த்த அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், அவர் பெயரோடு. ஐதராபாத் சுற்றுலா போனால் சார்மினாரோடு அதையும் காட்டச் சொல்லி அப்பாவிடம் கேளுங்கள்.